படையோடு செல்லும் நிருபரும் யுத்தச் செய்தியும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



தணிக்கை என்னும் சொல் தமிழில் இரண்டு வேலைகளுக்கு வழங்கி வருகிறது. கூட்டுறவு இலாகாவின் தணிக்கையாளர் சங்கத்துக்கு வந்து, ரொக்கப் பெட்டியைத் திறக்கச் செய்து, பேரேட்டையும் ரசீதுகளையும் ஒத்துப் பார்ப்பது ஒன்று. யுத்த காலத்தில் ஓர் உத்தியோகஸ்தர் பத்திரிகை நிருபரின் கடிதத்தை வாங்கி, தமக்கு வேண்டாத வரிகளை அடித்துவிட்டு அனுப்புவது மற்றொன்று. முன்னது மறைந்திருப்பதை வெளிக்கொணர்வது. பின்னது வெளிவர இருப்பதை மறைப்பது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர் சற்று விளையாட்டுப் புத்தி உடையவராக இருந்திருத்தல் வேண்டும்.

கணக்கை எழுதும் காரியதரிசியே அதைத் தணிக்கையும் செய்யலாகாது என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்த விதி. தணிக்கைக்கு வந்தவர் காரியதரிசியின் வீட்டிலேயே உண்டு உறங்கி, அவர் வண்டியிலேயே பிரயாணம் செய்து, அவர் எடுத்துக் கொடுத்த புத்தகங்களை மாத்திரம் பார்த்துச் சென்றால், அவ்வறிக்கையை மகாசபையார் எவ்வளவு மதிப்பர்? அம்மனிதர் பொய்யராயிருக்க வேண்டுவதில்லை. மிக நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அறிக்கைக்கு மதிப்புக் குறைந்து போகும். படையோடு உடன் செல்லும் நிருபரின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே.

1853-ஆம் வருஷத்தில் தொடங்கிய கிரிமியா யுத்தத்துக்கு லண்டன் "டைம்ஸ்" பத்திரிகையின் சார்பாகச் சென்ற வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல் என்பவருக்கு இத்தகைய கட்டு இல்லை. சிப்பாய்கள் குளிராலும் நோயாலும் மடிவதை அவர் கண்டபடி எழுதினார். 1855 ஜனவரியில் இங்கிலாந்து மந்திரிசபையே கவிழ்ந்தது. 1856-ல், யுத்தம் முடியுந்தறுவாயில், நிருபர்களின் கடிதங்களைக் கட்டுப்படுத்தும் உத்தரவு சேனைத் தலைமையிலிருந்து பிறந்தது. அடுத்த அறுபது வருஷத்தில் அக்கட்டு நன்றாக இறுகிவிட்டது.

முதல் உலக யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் நிருபர்களைப் போர்முனைக்கு விடவே இல்லை. படை உத்தியோகஸ்தர் ஒருவரே "நேரில் கண்டவர்" என்ற புனைபெயரில் செய்தி எழுதிவந்தார். 1915-ல்தான் சில நிருபர்களை அனுமதித்தனர். அவர்களுக்கு உத்தியோகஸ்தர் உடுப்பு, கையில் பச்சைப் பட்டை, தங்குவதற்கு மாளிகை, செல்லுமிடமெல்லாம் ஒரு படை அதிகாரி துணை. எழுதிய கடிதம் தணிக்கையைத் தாண்டினால்தான் லண்டன் சேரும். பிலிப் கிப்ஸ், வில்லியம் பீச் தாமஸ் முதலியோர் இக்கூட்டத்தினர்.

1916 ஜூலை 1-ஆம் தேதி காலை 7-30 மணிக்கு பிரான்ஸில் ஸோம் நதிப் பிரதேசத்தில் பிரிட்டிஷ் படை தாக்குதலைத் தொடங்கியது. ஒரு வாரம் பீரங்கிகள் முழங்கியதால் எதிரியின் முள்வேலியெல்லாம் அறுபட்டுவிட்டது என்று தளகர்த்தர்கள் நம்பினர். பல இடங்களில் அறுபடவில்லை. அன்றொரு நாளில் மாத்திரம் 57,470 பேர் நஷ்டம். அவர்களுள் மாண்டவர் 19,240 பேர். பிரிட்டிஷ் சேனையின் சரித்திரத்தில் அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய நாள் இல்லை. மறுநாட்களில் வெளிவந்த பத்திரிகைகளோ, காரியம் நன்றாகவே நடந்தேறியது என்ற தொனியில் எழுதின.

கூட்டுறவு இயக்கத்துக்கு 1844-ல் வித்திட்ட ராச்டேல் நெசவாளரின் ஊர் அக்காலத்தில் லங்காஷயரைச் சேர்ந்திருந்தது. அதே ஜில்லாவில் ஆக்ரிங்டன் என்னும் பஞ்சாலை ஊரொன்று உண்டு. அவ்வூராரும் அண்டை ஊராரும் சேர்ந்து ஒரு பட்டாளம் திரட்டி அனுப்பியிருந்தனர். அடுத்தடுத்த வீட்டார், ஒரே ஆலையில் வேலை செய்தவர், அண்ணன் தம்பியர், யாவரும் ஒரே பட்டாளம். ஜூலை 1-ல் ஸேர் கிராமத்தை நோக்கி முன்னேறிய ஏறக்குறைய 700 பேரில் 580-க்கு மேற்பட்டோர் அரைமணி நேரத்துக்குள் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். ஊருக்கு வந்த முதற் செய்தி வெற்றிச் செய்தி. பின்னர் காயம்பட்டவர்களின் கடிதங்கள் ஒவ்வொன்றாக வரலாயின. ஒரு வீட்டுக்குக் கடிதம் வருகிறது. பக்கத்து வீட்டுக்கு வரவில்லை. பத்திரிகை ஒன்று சொல்கிறது. கடிதம் வேறொன்று சொல்கிறது. ஊரார் திரண்டு நகரசபைத் தலைவரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, உண்மையைச் சொல்லும்படி கேட்டனர். அவருக்கும் தெரியவில்லை. மகனைப் பறிகொடுத்த துக்கத்தை அத்தாய்மார் எப்படியும் அனுபவித்தே தீரவேண்டும். அதற்கு முன்பாக, அறியாமல் காத்திருந்த துக்கத்தையும் அவர்கள் தலையில் ஏற்றியதற்கு எந்த யுத்த நியாயமும் இல்லை.

நிருபர்கள் அன்று எங்கே இருந்தனர்? தூரத்திலிருந்து புகையைப் பார்த்தனர். மற்றதைத் தலைமை முகாமில் கேட்டு எழுதினர். அகழிகளில் இருந்த சிப்பாய்களுக்கு அவ்வெழுத்தைக் கண்டு கோபமும் சிரிப்பும் வந்தன. போர்முனையிலேயே அச்சிட்ட "வைப்பர்ஸ் டைம்ஸ்" என்ற சிறு பத்திரிகையில் பீச் தாமஸின் பெயரை எழுத்து மாற்றி, "டீச் போமஸ்" என்று கேலி செய்தனர். யுத்தம் முடிந்த பிறகு, 1920-ல், அந்நிருபர்கள் சிலருக்குப் பட்டம் கிடைத்தது. அதே வருஷத்தில் கிப்ஸ், முன்பு எழுதாமல் விட்டவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். பீச் தாமஸும் 1925-ல் தம் எழுத்தைக் குறித்து வெட்கப்படுவதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெருந்தன்மையே, ஆனால் ஒன்பது வருஷம் பிந்திய ரசீது அது.

இனி அண்மைக் காலத்துக்கு வரலாம். 2003 மார்ச்சு 20-ல் தொடங்கிய ஈராக் யுத்தத்தில் அமெரிக்க ராணுவ இலாகா நூற்றுக்கணக்கான நிருபர்களைப் படைப்பிரிவுகளோடு சேர்த்து அனுப்பியது. அவர்கள் சிப்பாய்களோடு ஒரே வண்டியில் சென்றனர். ஒரே உணவை உண்டனர். தம் உயிருக்கு அச்சிப்பாய்களையே நம்பியிருந்தனர். படை எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே செல்லும் என்பவற்றை வெளியிடலாகாது என்பதற்குக் கையெழுத்திட்டனர். இவ்விதி நியாயமானதே. நிருபரின் வார்த்தையால் ஒரு சிப்பாய் சாவதை எவரும் விரும்பார். ஆனால் வண்டிக்குள் இருப்பவருக்கு வண்டியின் ஜன்னல் அளவுதானே உலகம்? குண்டு புறப்படுவதை அவர் கண்டார். அது விழுந்த வீட்டைக் காண்பது அரிதாயிற்று. உம் கஸர் என்ற சிறு துறைமுகம் பிடிபட்டதாக முதல் சில நாட்களில் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டது. அங்கே சண்டை ஓயவில்லை. எதிர்ப்பக்கமும் இதற்குக் குறைந்ததன்று. அமெரிக்க டாங்கிகள் பாக்தாத் நகருக்குள் புகுந்துவிட்ட பின்பும், ஈராக் செய்தி மந்திரி அல் ஸஹாப், அவை அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிக் கொண்டிருந்தார்.

இப்படிச் சொல்வதால், உடன் சென்ற நிருபர் எழுதியது யாவும் பயனற்றது என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெருந்தவறு. 2003 மார்ச்சு 31-ல் நஜப் நகரத்தருகே ஒரு சாவடியை நோக்கி வந்த வாகனத்தின்மீது அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டனர். அதில் இருந்தவர் பெண்களும் குழந்தைகளும். எச்சரிக்கையாகச் சுட்டும் வண்டி நிற்கவில்லை, இறந்தவர் ஏழு பேர் என்பது ராணுவத் தலைமையின் அறிவிப்பு. "வாஷிங்டன் போஸ்ட்" நிருபர் வில்லியம் பிரானிகின் அப்படைப்பிரிவோடு அங்கேயே இருந்தார். இறந்தவர் பத்துப் பேர் என்றும், எச்சரிக்கைக் குண்டை வேளையோடு சுடவில்லையென்று தளபதியே தம் ஆட்களைக் கடிந்து கூவியதைக் கேட்டதாகவும் அவர் எழுதினார். படையோடு செல்லாத நிருபருக்கு அது கிட்டியிராது. படையின் உப்பைத் தின்று, படையின் வண்டியில் இருந்துகொண்டே அதை எழுதினாரே, அதுதான் விசேஷம்.

ஆகையால் கிராமத்தில் வானொலியோ தொலைக்காட்சியோ கைபேசியோ யுத்தச் செய்தி கொண்டுவரும்போது, சங்க அங்கத்தினர் கணக்குப் புத்தகத்தின் முன் கேட்கும் கேள்விகளையே கேட்கலாம். இதைக் கண்டவர் யார்? கண்டாரா, கேட்டாரா? எண்ணிக்கையை எண்ணியவர் யார்? தன் பக்கத்து நஷ்டத்தை வெளியிடாமல் எதிரியின் நஷ்டத்தை மாத்திரம் தரும் அறிவிப்பு, பற்று எழுதாத பேரேட்டுக்குச் சமானம்.

ஜனங்களின் தைரியம் குன்றாதிருக்க நல்ல செய்தியே சொல்வது நன்றல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு 1944 அக்டோபரில் ஜப்பானில் நடந்ததைச் சொல்லவேண்டும். பார்மோஸாத் தீவருகே அமெரிக்கக் கடற்படையைத் தாக்கிய ஜப்பானிய விமானிகளில் பெரும்பாலோர் போதிய பயிற்சியில்லாத இளைஞர். மாலை இருளில் கடல்மேல் எரிந்து விழுந்த தங்கள் விமானங்களையே எரியும் கப்பல்கள் என்று கருதினர். பதினொரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின என்று ஜப்பானியத் தலைமைச் சேனாலயம் அறிவித்தது. வேறொன்றையும் அச்சிட அனுமதியில்லாத பத்திரிகைகள் அதை அப்படியே வெளியிட்டன. நாடெங்கும் கொண்டாட்டம். உண்மையில் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இரண்டு குரூஸர்கள் பெருஞ்சேதமடைந்தன, அவ்வளவே. கடற்படையாருக்குச் சில நாட்களில் ஐயம் தெளிந்தது. எனினும் தரைப்படையாருக்கு அவர்கள் அதைச் சொல்லவில்லை. எதிரியின் கப்பற்படை ஒழிந்தது என்று நம்பிய தரைப்படைத் தலைமை, பிலிப்பைன்ஸில் லூஸான் தீவில் போரிட வகுத்திருந்த திட்டத்தை மாற்றி, பல்லாயிரம் பேரை லெய்ட்டே தீவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது. மூழ்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்களே வழியில் அவர்களைத் தாக்கின. அத்தீவிலிருந்து திரும்பியவர் மிகச் சிலர்.

"தலைமைச் சேனாலய அறிவிப்பு" என்னும் சொற்றொடர் ஜப்பானிய மொழியில் இன்றும் வழங்குகிறது. அதிகாரத்தில் உள்ளவர் சொல்லி எவரும் நம்பாத செய்திக்கு அங்கே அதுவே பெயர்.