பையில் கல் வைத்தது யார்?

(ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி நம் சமுதாயக் கூடத்தில் ‘ஃப்ளோட்’ குறும்படம் திரையிடப்பட்ட பிறகு பேசியது. அன்று வர முடியாதவர்களும் வாசிக்கட்டும் என்று செய்திமடல் குழுவினர் எழுதித் தரச் சொன்னார்கள்.)

7 நிமிடப் படத்துக்கு இவர் எவ்வளவு நேரம் பேசப் போகிறாரோ என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

படம் பார்க்காமல் இதை வாசிப்பவர்களுக்காக முதலில் கதை. ஒரு அப்பா வீட்டு வாசல் புல்தரையில் கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் அல்லவா, அதுபோல ஊதினால் பறக்கும் ஒரு பூவை எடுத்து ஊதுகிறார். திரும்பினால் குழந்தையும் காற்றில் மிதக்கிறது! அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த நொடி, அக்கம்பக்கத்தார் பார்ப்பதைக் கவனிக்கிறார். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறார். சில வருடங்கள் கழித்து அதே அப்பா தாடியும் களைப்புமாக வருகிறார். பையனை வெளியே கூட்டிப்போகும்போது முதுகுப்பையில் கற்களை நிரப்பி மாட்டிவிடுகிறார். மிதக்கக்கூடாது, அவ்வளவுதான். வழியில் விளையாட்டுத் திடல். பையன் நழுவிப் போய்ப் பறக்கிறான். எல்லோரும் வெறித்துப் பார்க்கிறார்கள். அப்பா அவனைப் பிடித்து இழுக்கிறார், அவன் திமிறுகிறான், உன்னால் ஏன் சாதாரணமாக இருக்க முடியவில்லை என்று அவர் கத்திவிடுகிறார். படம் முழுவதிலும் பேச்சு என்று இருப்பது அந்த ஒரு வரிதான். பையன் சுருண்டு அழுகிறான். அப்பா அவனை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்காருகிறார். மெல்ல ஆடுகிறார். பையன் முகம் மலர்கிறது. பிறகு யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அவரே அவனைப் பறக்க விடுகிறார்.

இதை எழுதி இயக்கியவர் பாபி ரூபியோ, பிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கர். ‘பிரேவ்’, ‘இன்சைட் அவுட்’ போன்ற படங்களின் கதைக்குழுவில் பணியாற்றியவர். பிக்ஸார் நிறுவனத்தில் ‘ஸ்பார்க்‌ஷார்ட்ஸ்’ என்று ஒரு திட்டம் உண்டு. ஊழியர்களுக்கு 6 மாத காலமும் சின்ன பட்ஜெட்டும் கொடுத்து, சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்துக்கொள் என்று விடுவார்கள். ரூபியோவின் மகனுக்கு ஆட்டிசம். அதை ஏற்றுக்கொள்ள முடியாமல் தான் தவித்ததைத்தான் அவர் படமாக்கினார். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸில் வெளியானது. அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினர் மீது தாக்குதல்கள் நடந்த 2021இல், அவர்களுக்கு ஆதரவாக யூடியூபில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள். இன்னொரு சங்கதி. முதலில் அவர் அப்பாவையும் மகனையும் வெள்ளைக்காரர்களாகத்தான் வரைந்திருந்தாராம். உன் கதைதானே, உன் மக்களாகவே வரையேன் என்று சக ஊழியர் ஒருவர் சொன்ன பிறகுதான் மாற்றினார். தன் கதையைச் சொல்ல வந்த மனிதருக்கே தன் முகத்தைக் காட்டக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இது ஒரு அப்பா மனம் மாறிய கதை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஆரம்பக் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. குழந்தை மிதந்ததும் அந்த அப்பாவுக்கு வருவது வெட்கம் அல்ல, பயம்கூட அல்ல; வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்பு அணைவது எப்போது? பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டபோது. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சும்மா பார்த்தார்கள். பையில் கல்லை எடுத்து வைத்தது அப்பாவின் கைதான். ஆனால் அந்தக் கல் தெருவிலிருந்து வந்தது. இந்தப் படத்தில் நமக்கும் ஒரு வேஷம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வேஷம். 

நம் பக்கத்தில் சும்மா பார்ப்பதோடு நிற்பதில்லை, காரணமும் சொல்வோம். செல்போன் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பேச ஆள் இல்லை, அதனால்தான் பிள்ளை பேசவில்லை. லிப்டில் ஏறி இறங்குவதற்குள் காரணம் கண்டுபிடித்துவிடுவோம். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஆட்டிசம் என்ற நிலையை 1943இல் விரிவாக எழுதியவர் லியோ கானர் என்ற மருத்துவர். அதன் பிறகு பல வருடங்கள், பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று அமெரிக்காவில் படித்தவர்களே நம்பினார்கள். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று அதற்குப் பெயர் வேறு. அது தவறு, இது மூளையின் வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று 1964இல் புத்தகம் எழுதி வாதாடியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியல் படித்தவர். அவர் மகனுக்கும் ஆட்டிசம். பெற்றவர்களே எழுந்து நின்று ‘எங்கள் மேல் பழி போடாதீர்கள்’ என்று சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்.

படத்தில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பறப்பது பார்க்க அழகாக இருக்கிறது. நிஜத்தில் ராத்திரி 2 மணிக்குத் தூங்காமல் வீட்டைச் சுற்றி வரும் பிள்ளையையோ, மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையையோ பார்த்து யாரும் கைதட்டுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு அபூர்வத் திறமை ஒளிந்திருக்கிறது, அது வெளிப்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டால், திறமை எதுவும் வெளிப்படாத பிள்ளையின் அம்மா எங்கே போவார்? இரண்டாவது குறையும் அம்மாவைப் பற்றியதுதான். படத்தில் அம்மாவே இல்லை. இயக்குநர் தன் கதையைச் சொன்னார், அது அவர் உரிமை. ஆனால் நம் வீடுகளில் தெரபிக்குக் கூட்டிப் போவது, பள்ளிக்கூடப் படிகளில் காத்திருப்பது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் பிள்ளையோடு வீட்டில் இருந்துவிடுவது எல்லாம் பெரும்பாலும் அம்மாதான். அப்பா ஏற்றுக்கொண்டாரா என்பதைப் பற்றிப் படம் எடுக்கிறோம். அம்மாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பேங்க்கில் வேலை பார்த்தவன் பேச வந்தால் பேங்க் விஷயம் இல்லாமல் எப்படி? ஏற்றுக்கொள்வது என்பது மனதுக்குள் நடப்பது என்று சொல்கிறோம். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது படிவத்தில்தான் கண்ணில் படும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் மைனர் கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகு, பெற்றோர் என்பதற்காக மட்டும் பிள்ளையின் கணக்கில் கையெழுத்துப் போட முடியாது. ஒரு அம்மா 18 முடிந்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாஸ்புக்கை என் முன்னால் வைத்துவிட்டு, “இவனுக்கு நான்தானே சார் எல்லாம், என் கையெழுத்து எப்படிச் செல்லாமல் போகும்?” என்று கேட்டார். இதற்கு வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெற்றோர் சட்டப்பூர்வக் காப்பாளராக விண்ணப்பிக்கலாம். மாவட்டத்தில் கலெக்டரைக் கொண்ட உள்ளூர் நிலைக் குழு இருக்கிறது. அது சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழை வைத்துக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. பையன் பெயரில் டெபாசிட் போட்டுவிட்டேன், நாமினி போட்டுவிட்டேன், நமக்குப் பிறகு பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெற்றோர் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். நாமினி வேறு, காப்பாளர் வேறு.

பலர் விசாரிப்பதில்லை. ஏன் என்றால் அதற்கு முதலில் மாற்றுத்திறனாளிச் சான்று வாங்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் 7 வகைதான், அதில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை, ஆட்டிசமும் உண்டு. சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயருக்கு எதிரே அந்த வார்த்தையை எழுதப் பேனா எழும்புவதில்லை. எழுதிவிட்டால் முத்திரை குத்தின மாதிரி, தங்கைக்கு வரன் அமையாது, அபார்ட்மெண்டில் தெரிந்துவிடும். இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். அபார்ட்மெண்டில் தெரிந்துவிடும்! முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பரிசோதனை, பயிற்சி, ஆலோசனை எல்லாம் அங்கே உண்டு. நம்மைப் பற்றிய பயம் குறைந்தால் இன்னும் சில வருடம் முன்னதாகவே அங்கே போயிருக்கக்கூடிய குடும்பங்கள் இருக்கும்.

இனி ஊஞ்சல். நம் வளாகத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரும் பிளாட் நம்பரும் வேண்டாம் என்றார்கள். அவனுக்கு ஆட்டிசம். அதிகம் பேச மாட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு ஊஞ்சல் ஆடுவது மனதையும் உடம்பையும் அமைதிப்படுத்தும். தெரபி மையங்களில் அதற்கென்றே ஊஞ்சல் கட்டி வைத்திருப்பார்கள். படத்தில் அப்பாவும் பிள்ளையும் சமாதானமாகும் இடம் ஊஞ்சலாக இருப்பதைப் பார்த்ததும் எனக்கு இவன் ஞாபகம்தான் வந்தது. நம் விளையாட்டுத் திடலில் ‘12 வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சலைப் பயன்படுத்தக் கூடாது’ என்று பலகை இருக்கிறது. அதை வைத்ததற்கு நியாயமான காரணமும் உண்டு. பெரிய பையன்கள் ஊஞ்சலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் செல்போன் பார்த்தார்கள், சின்னஞ்சிறுசுகளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் பையன் சாயங்காலம் ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். செக்யூரிட்டி பலகையைக் காட்டி அவனை நகர்த்துகிறார். அவர் வேலை அது, குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை புகாரும் வந்தாயிற்று. அவன் அப்பா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? காலை 5 மணிக்கு, விளக்கு அணைவதற்கு முன்னால், யாரும் வாக்கிங் வருவதற்கு முன்னால், பையனைக் கூட்டிவந்து கால் மணி நேரம் ஆட விடுகிறார். ஆட்கள் வரத் தொடங்கியதும் அழைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார். நடைப்பயிற்சிக்குச் சீக்கிரம் கிளம்பிய ஒரு நாள் எதிரே பார்த்து, “இவ்வளவு சீக்கிரமாகவா சார்?” என்று கேட்டேன். “இந்த நேரம்தான் சார் யாருக்கும் தொந்தரவு இல்லை” என்றார்.

சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கு இதில் கவலை இருக்கும். பெரிய பையன் வேகமாக ஆடி யார் மேலாவது பட்டுவிட்டால்? நியாயமான கேள்வி. நான் கேட்டுக்கொள்வது பலகையை எடுத்துவிடச் சொல்லி அல்ல. அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பது இரண்டே வரி: பலகையில் ‘சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு இந்த விதி பொருந்தாது’ என்று சேர்க்க வேண்டும், திடலின் கிழக்கு மூலையில், சின்ன ஊஞ்சல்களிலிருந்து தள்ளி, பெரியவர் எடையைத் தாங்கும் ஊஞ்சல் ஒன்று தனியாகப் போட வேண்டும். ஊஞ்சலுக்கு விலை விசாரித்துச் சொல்லும்படி பராமரிப்பு மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பு இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து நேரில் சொல்லுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் வேண்டாம், அந்த அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

கூட்டம் இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை 10.30 மணிக்கு, இதே கூடத்தில். வர முடியாதவர்களுக்காக அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சம்மதம் என்றால் பிளாட் எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இல்லை என்றாலும் காரணத்தை எழுதிப் போடுங்கள். சுண்டல் வந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள்.