கருவியும் கற்பிப்போரும்

(கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பார்வையற்ற பிள்ளைக்கு ஒரு கணினியும், செவிப்புலன் குன்றிய பிள்ளைக்கு ஒரு கேட்டற் கருவியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அக்கருவியை அறிந்த ஆசிரியர் வகுப்பில் இல்லையெனின், கொடுத்த பொருள் அலுமாரியில் உறங்கும். பிள்ளையோ வாங்கின் மூலையில் உறங்கும்.

பிரெய்ல் எழுத்தின் வரலாற்றை நோக்குங்கள். சிறு பிராயத்திலே பார்வையை இழந்த லூயி பிரெய்ல், பரிஸ் நகரிலே பார்வையற்றோர் பாடசாலையில் மாணவராயிருந்தபோது, 1824ஆம் ஆண்டளவில், தமது பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளி முறையை வகுத்தார். மாணவர் அதனை விரும்பிப் பயின்றனர். ஆயினும் அப்பாடசாலை அதனை முறைப்படி ஏற்றது 1854இலேயாம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

இன்றைய நிலை யாது? என்விடிஏ எனப்படும் திரைவாசிப்பான், கணினித் திரையிலுள்ள எழுத்தை உரக்க வாசிப்பது. பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய முயற்சி அது, இலவசமாகவே கிடைக்கின்றது. ஆனால் ஆசிரியர் தமது பாடக்குறிப்பைப் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து கொடுத்தால், அது தமிழாக வாசிக்காது. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களையே உச்சரிக்கும். யூனிகோட்டிலே தட்டச்சுச் செய்தால் தமிழாகவே வாசிக்கும். குறிப்பைப் படம்பிடித்து அனுப்பினாலோ, பல வேளைகளில் வாசிப்பதற்கு அங்கே எழுத்தே இராது. செலவு ஒரு சதமுமில்லை, வேண்டியது அறிவொன்றே.

கேட்டற் கருவியும் அத்தகையதே. அது ஆசிரியர் குரலோடு வகுப்பின் இரைச்சலையும் பெருக்கிக் கொடுக்கும். ஆகையால் ஆசிரியர் அருகில் நிற்றல் வேண்டும். கரும்பலகையை நோக்கியபடி பேசாது, பிள்ளைக்கு முகங்காட்டிப் பேசுதல் வேண்டும். மின்கலம் தீர்ந்துவிட்டதா என்று காலையிலே பார்த்தல் வேண்டும். இவற்றை அறியாதவிடத்து, கேளாத பிள்ளை மந்தபுத்தியுள்ள பிள்ளை என்று பெயர் வாங்கும். அப்பெயர் ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுதும் உரியாது.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா மட்டங்களிலும் பணியாற்றுவோரைப் பயிற்றுதல் வேண்டும் என்கின்றது. எல்லா மட்டங்களிலும் என்பதைக் கவனியுங்கள். விசேட கல்வி ஆசிரியர் ஒருவரை மாத்திரம் ஒருநாட் கருத்தரங்குக்கு அனுப்பினாற் போதாது. அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் அறிவும் அவரோடு சென்றுவிடும். அதிபர், பாட ஆசிரியர், பரீட்சைத் தாளைத் தட்டச்சுச் செய்யும் எழுதுவினைஞர், நூலகர் ஆகிய யாவரும் கற்றல் வேண்டும். கருவி அவர்தம் கையிலிருக்க, அப்பிள்ளையின் முன்னிலையிலேயே கற்றல் வேண்டும். தவணைதோறும் மீளவும் கற்றல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பர். உண்மையே. அச்சுமையிற் சிறிது நாம் தாங்கலாகாதா? கணினி அறிந்த இளைஞர் நம்மிடையே பலருளர். பழைய பாடக்குறிப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றிக் கொடுப்போம். அயற்பாடசாலை ஆசிரியர்களுடன் அமர்ந்து திரைவாசிப்பானை இயக்கிக் காட்டுவோம். பெரியோர்களே, கருவிக்கு நன்கொடை வழங்கும்போது, அதைப் பயிற்றுவிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

கொடுப்பது ஒருநாட் கருமம். கற்பிப்பது நாளாந்தக் கருமம். இரண்டாவதற்கும் நாம் முன்வருவோமாக.