மறியலுக்குத் தடை போட்ட கோர்ட்டும் தடைக்கே தடை போட்ட சட்டமும்

மறியல்னு நோட்டீஸ் அடிச்சதுமே கோர்ட்டுக்கு ஓடித் தடை உத்தரவு வாங்குறது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லீங்க.

1894-ல் அமெரிக்காவில் புல்மேன் ரயில்பெட்டிக் கம்பெனி கூலியைக் குறைத்தது. கம்பெனி வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில்வே தொழிலாளர் சங்கமும் புல்மேன் பெட்டிகளைத் தொட மறுத்தது. கோர்ட் தடை போட்டது, ராணுவம் வந்தது. சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குக் கோர்ட் அவமதிப்பு என்று 6 மாதம் சிறை. ஜூரி விசாரணையே கிடையாது! 1895-ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது.

1914-ல் தொழிலாளருக்குப் பாதுகாப்பாகக் கிளேட்டன் சட்டம் வந்தது. 1921-ல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கி, ஆலை வாசலுக்கு ஒரே ஒரு ஆள் நிற்கலாம் என்றது.

சங்கங்கள் விட்டார்களா? 1932-ல் நோரிஸ்-லாகார்டியா சட்டம் வந்தது. தொழில் தகராறில் அமைதியான மறியலுக்கு மத்திய அரசின் கோர்ட்டுகள் தடை போடக் கூடாது. வன்முறை நடந்தால் போடலாம்.

38 வருஷப் போராட்டமுங்க! நமக்குப் பாடம் இதுதான்: ஒரு கல் எறிஞ்சாலும் தடைக்குக் காரணத்தை நாமே கொடுத்த மாதிரி. உத்தரவு வந்தா எந்த இடம், எத்தனை ஆள், எத்தனை நாள்னு வரிவரியாப் படிங்க. வக்கீலைக் கேளுங்க. கலையாம நில்லுங்க!