வெப்பத்தை இறைக்கும் ஏற்றம்

மார்கழி மாத விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தின் பக்கம் சென்றவர்கள் ஐஸ் தொழிற்சாலைகளைக் கண்டிருப்பீர்கள். கீழே, கடலுக்குப் புறப்படும் விசைப்படகுகளுக்காகப் பனிக்கட்டிப் பாளங்களை நொறுக்கிக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். மேலேயோ, வரிசையான இரும்புக் குழாய்களின் மீது நீர் வழிந்துகொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய ஆவி எழும். அந்நீரில் கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கும். குளிரை உண்டாக்கும் இடத்தில் இந்த வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது?

உண்மையில், குளிரை எவரும் உண்டாக்குவதில்லை. நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவே. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் நம் உழவர் ஏற்றம் இறைத்தனர். வெப்பமும் அத்தகையதே. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானே செல்லும். எதிர்த்திசையில் செலுத்த ஓர் ஏற்றம் தேவை. ஐஸ் தொழிற்சாலையில் அந்த ஏற்றத்தின் சால் அம்மோனியா. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். உப்புநீர்த் தொட்டிக்குள் கொதித்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் அதனைக் கம்ப்ரஸர் நெருக்குகிறது. நெருக்குண்ட ஆவி மிகவும் சூடேறி, மேலேயுள்ள குழாய்களில் தன் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகித் தொட்டிக்குத் திரும்புகிறது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்துக்குக் கொணர 30 கிலோ கலோரியும், அதை உறையச் செய்ய மேலும் 80 கிலோ கலோரியும் நீக்க வேண்டும். ஒரு டன் பனிக்கட்டிக்கு 1,10,000 கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ 128 யூனிட். இவ்வேலைக்குக் கம்ப்ரஸர் 50 யூனிட் செலவிடுகிறது என்று கொள்வோம். மேலே கொட்டப்படுவது இரண்டும் சேர்ந்து 178 யூனிட்! இதைக் காசிமேட்டுக் காற்று இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது. 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட நீச்சல் குளத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 436 யூனிட் வெப்பம் வேண்டும். இரண்டரை டன் பனிக்கட்டி செய்கையில் வீணாகும் வெப்பமே அதற்குப் போதும்.

நீச்சல் குளத்தின் வெப்ப ஏற்றியும் இதே பொறிதான். பயன் கொள்ளும் முனை மட்டுமே வேறு. ஐஸ்காரருக்கு வேண்டாத வெப்பம் குளத்துக்காரருக்கு வேண்டியது. குளத்துக்காரர் வெளியே தள்ளும் குளிர்காற்று அவருக்கு வேண்டாதது.

இக்கருத்தை 1852-இல் கெல்வின் பிரபு எடுத்துரைத்தார். 1856-இல் நம் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்பவர் எபென்ஸே உப்பாலையில் இதனைச் சோதித்துப் பார்த்தார். நம் உப்பளங்களில் நமக்குச் சூரியனே உப்புக் காய்ச்சித் தருகிறான். அக்குளிர் நாட்டில் விறகு எரித்தல்லவா காய்ச்ச வேண்டும்! உப்புநீரிலிருந்து எழும் ஆவியையே நெருக்கிச் சூடேற்றி, அதே உப்புநீரைக் காய்ச்சப் பயன்படுத்த முயன்றார் அவர். பின்னர், உலகப் போரால் நிலக்கரி அரிதான நாளில், 1941-இல், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர் தன் நீச்சல் குளத்துக்கு வெப்ப ஏற்றி அமைத்துக்கொண்டது.

அமைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொடங்குவதில்தான் கவனம் வேண்டும். இதை நான் கற்றது நீச்சல் குளத்திலன்று, இளமையில் பயிற்சி பெற்ற ஓர் ஐஸ் தொழிற்சாலையில். பழுது பார்த்து முடித்த இயந்திரத்தை ஒரு மாலையில் மீண்டும் ஓட்ட முற்பட்டோம். படகுக்காரர் ஒருவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். நான் விசையைப் போட்டேன். அழுத்தமானியின் முள் மடமடவென ஏறிற்று. மேஸ்திரி ஓடிவந்து விசையைப் பிடுங்கினார். குழாய்களுக்கு நீர் செல்லும் வால்வை நான் திறக்கவேயில்லை! "முதலில் தண்ணீர், அப்புறம் கரண்ட், தம்பி," என்றார் அவர். என்னைத் திட்டவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. அம்மோனியா கசிந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் அறிந்தனர். கடலடிக் குழாயிலிருந்து நள்ளிரவில் கசிந்த அவ்வாயுவால் மூச்சுத் திணறிப் பலர் மருத்துவமனை சேர்ந்தார்கள். எங்கள் இயந்திரம் தப்பியது. ஆனால் அதை மீண்டும் சோதித்து ஓட்டுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. பாளம் உறைய ஒரு நாளின் பெரும்பகுதி வேண்டும். அந்தப் படகு அன்றிரவு கடலுக்குப் போகவில்லை.

குளத்துப் பொறிக்கும் மேஸ்திரியின் சொல்லே விதி. பொறியைத் திறந்த வெளியில், சமதளமான மேடையில் நிறுத்த வேண்டும். மூடிய அறையில் வைத்தால், தான் தள்ளிய குளிர்காற்றையே அது மீண்டும் உறிஞ்சி இளைத்துப் போகும். நீர்க்குழாயில் அதன் இடம் வடிகட்டிக்குப் பின்னும், குளோரின் கலக்கும் இடத்துக்கு முன்னும். பம்பை ஓட்டி, குழாயில் அடைபட்ட காற்று முழுதும் வெளியேறி நீர் சீராக ஓடுவதைக் கண்ட பிறகே மின்சாரம் தர வேண்டும். நிறுத்தினால் உடனே மறுபடி ஓட்டலாகாது. உள்ளே அழுத்தம் சமனாகச் சில நிமிடம் பிடிக்கும். திருவொற்றியூர் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று உலோகத் தகடுகளை அரித்துவிடும். அவ்வப்போது நன்னீரால் கழுவுதல் நலம். இரவில் குளத்தை மூடியும் வைக்க வேண்டும். இல்லையேல் இறைத்த வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியோடு போய்விடும்.

புதிதாய்ப் பொறி வைத்தவர்கள் பெரும்பாலும் முதல் நாளே பதறுவது, அடியில் நீர் சொட்டுவதைக் கண்டுதான். கம்ப்ரஸரை மட்டும் நிறுத்திவிட்டுப் பம்பை ஓடவிடுங்கள். சிறிது நேரத்தில் சொட்டு நின்றுவிட்டால், அது குளிர்ந்த தகடுகளில் படிந்த காற்றின் ஈரம். நிற்காவிடில் குழாயில் ஒழுக்கு உண்டு. அப்பொழுது ஆள் அனுப்பலாம்.