ஞாயிறு காய்ச்சும் வெந்நீர்

மலைநாட்டு வைகறையில் நீராடியவர்க்கு வெந்நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே உள்ளது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. அத்தகையதோர் ஊரில், நாற்பது பிள்ளைகள் தங்கிப் பயிலும் விடுதியொன்றின் குழுவினர் கூடியிருப்பதாக வைத்துக்கொள்க. கையில் நன்கொடைப் பணம் இருக்கின்றது. அது மறுமுறை கிடைப்பது அரிது. கூரைமீது சூரிய வெந்நீர்க் கருவி அமைப்பதா, வேறு வழி நாடுவதா என்பதே கேள்வி. முடிவு பிழைத்தால் பணமும் போகும். பிள்ளைகளும் தண்ணீரிலேயே குளிப்பர்.

இக்கருவியின் தத்துவம் பழையது. ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்னும் அறிஞர் 1767ஆம் ஆண்டிலேயே கண்ணாடி மூடிய பெட்டியில் வெயிலின் வெப்பத்தைச் சிறைப்படுத்திக் காட்டினார். இன்றும் கருந்தகடு வெயிலை ஏற்கின்றது; கண்ணாடி வெப்பத்தைக் காக்கின்றது; குழாயிற் சூடேறிய நீர் இலேசாகி, மேலேயுள்ள தொட்டிக்குத் தானாகவே ஏறுகின்றது.

எனினும், எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்துமோ? முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும். பிள்ளை ஒருவருக்கு 25 லீற்றர் எனில், நாற்பதின்மருக்கு 1,000 லீற்றர். அதனை 18 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த, ஏறத்தாழ 26 அலகு மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். சதுர மீற்றர் ஒன்றில் நாளொன்றுக்கு 4 அலகு வெயில் விழுந்து, அதிற் பாதி நீரைச் சேருமாயின், 13 சதுர மீற்றர் தகடு தேவை.

இரண்டாவது, கூரை. இலங்கையில் ஞாயிறு ஆண்டுக்கு இருமுறை உச்சிக்கு நேரே வருவதால், திசையைவிட நிழலே பெரிய பகை. பக்கத்துக் குன்றும் உயர்ந்த மரமும் எம்மாதத்தில், எந்நேரத்தில் நிழல் வீழ்த்துகின்றன என்பதை அவ்விடத்தில் நின்று பார்த்தே அறிதல் வேண்டும். மேலும், 1,000 லீற்றர் நீர் ஒரு தொன் நிறையுடையது. பழைய மரச்சட்டங்களின்மேல் வேய்ந்த தகரக் கூரை அதனைத் தாங்குமோ என்பதை மேசன் அல்ல, பொறியியலாளரே கூறல் வேண்டும்.

மூன்றாவது, நீரின் தன்மை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளிற்போலச் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்னீர், சூடேறும்போது குழாயின் உட்புறத்திற் படிவை விட்டுச் செல்லும். அத்தகைய இடங்களிற் குழாய்களைக் காலந்தோறும் துப்புரவாக்கும் செலவையும் கணக்கிற் சேர்த்தல் முறை.

நான்காவது, வெந்நீர் வேண்டப்படும் நேரம். பகலிற் சூடேறிய நீரை மறுநாள் வைகறைவரை காக்கத் தொட்டிக்கு நல்ல கவசம் வேண்டும். குளியலறை தொலைவாயின் குழாய்களுக்கும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலோ முகில் நாட்கணக்கில் விலகாது. அந்நாட்களுக்கு மின்சாரமோ விறகோ துணை நின்றே ஆதல் வேண்டும். துணையின்றி இக்கருவியை நம்புவோர் மழைக்காலத்தில் அதனைப் பழிப்பர், பிழை கருவியினதன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் அக்குழுவினர்க்கு ஒரு வழி புலப்படும். பிள்ளைகளிற் பாதிப்பேர் பிற்பகல் விளையாட்டு முடிந்தவுடன் குளிப்பாராயின், வைகறைவரை காக்க வேண்டிய நீர் 500 லீற்றராகக் குறையும். பழைய விறகடுப்பு இருப்பின், அதனை இடித்தெறியாது மழைநாளுக்கென வைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் நிழல் மூடிய கூரையாயின், இத்திட்டத்தைக் கைவிடுதலே அறிவுடைமை.

ஞாயிறு கூலி கேட்பதில்லை. ஆயினும் ஞாயிற்றை ஏற்கும் கலத்துக்கு விலை உண்டு. ஆதலின், கருவியின் விலையை விசாரிப்பதற்கு முன்னர், வெயில் நாளொன்றிலும் மழை நாளொன்றிலும் தத்தம் கட்டடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தல் நன்று.