பிரசவத்திற்கு எந்த ஆஸ்பத்திரி?



ஒரு மாடு வாங்குவதானால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நாலு பேரை விசாரிக்கிறோம். ஆனால் ஒரு பெண்ணின் உயிரை ஒப்படைக்கும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கட்டடம் பளபளப்பாயிருக்கிறது, டாக்டரம்மாள் நம் ஜாதி, மாமியாருக்குப் பழக்கம் என்பவைகளைத் தவிர வேறு காரணம் நம்மிடம் உண்டா?

இதற்கும் மேலாக, ஜோசியன் குறித்த நாழிகையில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கச் சொல்லுகிறவர்களும், அதற்கு இசைகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். பிறக்கும் நேரத்தை நாமே தீர்மானித்து விட்ட பிறகு, தலைவிதிக்கு அங்கு என்ன வேலை என்று எந்த ஜோசியனாவது சொல்லட்டும்!

2019-21ம் வருஷத்திய தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100க்கு சுமார் 64 ஆப்பரேஷன்; அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36. சிக்கலான கேஸ்கள் பெரும்பாலும் கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே தள்ளப்படுகின்றன. அப்படியிருந்தும் அங்கு குறைவென்றால், மற்ற இடத்தில் கத்தியைக் கேட்பது கர்ப்பப்பையா, கல்லாப்பெட்டியா?

ஆப்பரேஷனே கூடாதென்பது நமது கருத்தல்ல. 2018ல் திருப்பூரில், யூடியூப் படத்தைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தியதில் ஒரு பெண் ரத்தப்போக்கால் மாண்டு போனார். அது இயற்கையின் பேரால் நடந்த மூடத்தனம். ரத்தப்போக்கு மிஞ்சினால் சில மணி நேரத்தில் ஆள் முடிந்து போகும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: நடு ராத்திரி 2 மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? ரத்தம் எங்கிருந்து வரும்? இங்கு முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்? பதில் சொல்லக் கோபித்துக் கொள்ளும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடலாம்.

சாதாரணப் பிரசவத்திற்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸே போதும். ரத்தசோகை, ரத்த அழுத்தம், முந்தின ஆப்பரேஷன் இருந்தால் முதலிலிருந்தே பெரிய ஆஸ்பத்திரிதான். நமக்கு ஜில்லாத் தலைநகர் திருவள்ளூர். 2022ல் திறந்த அரசாங்க மருத்துவக் கல்லூரியும் அங்கிருக்கிறது. ஆனால் ரயில் பாதை அது ஒரு பக்கம், கும்மிடிப்பூண்டி ஒரு பக்கம். நம் ரயில் பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் போகிறது, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., எழும்பூர் ஆஸ்பத்திரிகள் அந்தத் திசையில். வலி கண்ட பிறகு இதை யோசித்து, 108க்குப் போன் செய்துகொண்டே தகராறு செய்வதில் பயனில்லை.

ஈ.எஸ்.ஐ. கட்டும் பெண் தொழிலாளிக்கு 2017 முதல், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு ஓய்வுண்டு. காண்ட்ராக்டர் பிடித்த பணத்தை ஒழுங்காகக் கட்டினாரா என்று இப்போதே பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சிப்காட்டுக்கு வந்த பெண்களுக்குப் பாஷை தெரியாது. உங்கள் வரிசை வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால், நாளைக்கே கிராம நர்ஸிடம் கூட்டிப் போய்ப் பதிவு செய்து வையுங்கள்.