பட்டம் ஒருவருக்கு, பத்திரம் எல்லோருக்கும்

(குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



'எஸ்டேட்' என்றால் நமக்குத் தோட்டம். கொழுந்தும் லயமும் பெரட்டும்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. ஒரு பிரபுவின் மாளிகை, வயல், காடு, குத்தகைக்காரர் இருக்கிற கிராமம் எல்லாம் சேர்ந்த சொத்துக்கும் அதுதான் பெயர். அந்தச் சொத்து பிள்ளைகளுக்கு எப்படிப் போனது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

பிரபுக்களில் டியூக், மார்க்குவஸ், ஏர்ல், வைக்கவுன்ட், பாரன் என்று ஐந்து படி. பட்டம் பெரும்பாலும் மூத்த ஆண்பிள்ளைக்குத்தான். நிலமும் சிதறாமல் அவனுக்கே போகும்படி எழுதி வைப்பாங்க. தம்பிமார் பட்டாளத்துக்கோ, கோயில் ஊழியத்துக்கோ, குடியேற்ற நாடுகளுக்கோ போகணும். பெண்பிள்ளைக்குச் சீதனம் கொடுத்து அனுப்பிவிடுவாங்க.

வின்ஸ்டன் சர்ச்சிலைப் பாருங்க. 1874இல் பிளென்ஹைம் அரண்மனையில் பிறந்தவர், மார்ல்பரோ டியூக்கின் பேரன். ஆனால் அவருடைய தகப்பனார் மூத்த பிள்ளை இல்லை. அதனால் டியூக் பட்டமும் வரவில்லை, அரண்மனையும் வரவில்லை. எழுதிச் சம்பாதித்தார். 1900இல் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். 1940இல் பிரதமரானார்.

மூத்தவனுக்கும் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 10ஆவது டெவன்ஷயர் டியூக் தம் சொத்தை முன்கூட்டியே குடும்பத்துக்கு மாற்றி எழுதினார். எழுதிய பின் 5 வருஷம் உயிரோடு இருந்தால்தான் மரண வரி இல்லை என்பது அப்போதைய சட்டம். சில மாதம் பாக்கி இருக்கும்போது, 1950 நவம்பரில் அவர் இறந்துவிட்டார். வரி நூற்றுக்கு 80! மூத்த மகன் 1944இலேயே யுத்தத்தில் இறந்திருந்தார். பாரம் இளைய மகன் தலையில் விழுந்தது. ஏராளமான நிலம் விற்கப்பட்டது. அருமையான ஓவியங்களும் ஹார்ட்விக் மாளிகையும் வரிக்காகவே கைவிட்டுப் போயின.

நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் சொல்லுவோம். தம்பேதன்ன பக்கம் தோட்டம் வாங்கிய தாமஸ் லிப்டன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. தேயிலை வியாபாரத்தில் உயர்ந்து 1902இல் பரம்பரைப் பட்டம் பெற்றார். பிள்ளை இல்லாததால் 1931இல் அவரோடு பட்டம் முடிந்தது. சொத்தின் பெரும்பகுதி பிறந்த ஊரான கிளாஸ்கோவுக்குப் போனது. காரணம், முறையாக உயில் எழுதி வைத்திருந்தார்.

டியூக் வீட்டிலேயே காகிதமும் காலமும்தான் தீர்மானித்தது. நம்முடைய வீட்டில் எப்படி? ஊழியர் சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளி பெயர் கொடுத்தோமா? கலியாணம் ஆன பிறகு அதை மாற்றினோமா? பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? கலியாணத்தைப் பதிந்தோமா? வேலை செய்து சேர்த்த காசு, ஓர் எழுத்துப் பிழையால் பிள்ளைகள் கைக்கு வராமல் அலையக் கூடாது.

இன்னொன்று. மூத்தவனுக்கு மட்டும் என்பது பிரபுக்களின் வழக்கம். நமக்கு அது வேண்டாம். மலையேறிக் கொழுந்து பறித்துக் குடும்பம் காத்தது பெண்கள் கையும்தானே! காணியோ வீடோ காசோ, மகளுடைய பெயரையும் எழுதுங்க.

இந்த வாரமே பெட்டியைத் திறந்து காகிதங்களை ஒருதரம் பாருங்க. குறை இருந்தால் நம்மிடம் கொண்டுவாங்க, சேர்ந்து சரிசெய்வோம்.